சூளை போடாமல் சுட்ட பீங்கான்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர் டேங்கர் பஞ்சாயத்து முடிந்த கையோடு எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள், அதற்கே முதலில் நன்றி. செயலாளர் ஐயா எனக்கு இரண்டு நிபந்தனை போட்டார்: இருபது நிமிஷம்தான், ஃபார்முலா கூடவே கூடாது. இரண்டாவதை நிச்சயம் காப்பாற்றுவேன்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று இங்கே பல பேருக்குச் சந்தேகம் உண்டு. காலையில் லேப்டாப்போடு உட்கார்ந்தால் மாலைவரை எழுந்திருப்பதில்லை. "பீங்கான் ஆராய்ச்சிங்கிற, ஒரு நாளும் கையில மண்ணு பட்டு நான் பாக்கல. கம்ப்யூட்டருக்குள்ளயே சூளை போடறயா கண்ணு?" என்று எங்கள் மாடியில் இருக்கும் பாட்டி கேட்டார். என் வேலையை இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. ஆமாம் பாட்டி, அதைத்தான் செய்கிறேன். சூளை போடாமலே ஒரு பீங்கான் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது. எல்லாப் பீங்கானும் இல்லை, ஃபெர்ரோஎலக்ட்ரிக் என்கிற ஒரு வகைப் பீங்கான்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். உங்கள் எல்லோர் சமையலறையிலும் அது இருக்கிறது. கேஸ் கொண்டுவருவது நாமக்கல் டேங்கர் லாரி, அதைப் பற்றவைப்பது இந்தப் பீங்கான். கேஸ் லைட்டரை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வருகிறதே, அது உள்ளே ஸ்பிரிங்கில் மாட்டிய சின்னச் சுத்தியல் ஒரு பீங்கான் துண்டை அடிக்கிற சத்தம். பேட்டரி கிடையாது, ஒயர் இழுத்துக் கரண்ட் கொடுப்பதும் கிடையாது. அடி வாங்கியதும் அந்தத் துண்டு பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தைக் கொடுக்கிறது, பொறி பறக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் அழுத்த மின்விளைவு என்று படித்திருப்பீர்கள். 1880-இல் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற பிரெஞ்சுச் சகோதரர்கள் கண்டுபிடித்தது. ஸ்கேன் சென்டரில் வயிற்றின் மேல் வைத்து நகர்த்துகிறார்களே, அந்தக் கருவியின் முனையிலும் இதே வகைப் பீங்கான்தான். காரை ரிவர்ஸ் எடுக்கும்போது கத்துகிற சென்சாரிலும் அதுதான்.

லைட்டரில் இருக்கும் துண்டுக்கு பி.இசட்.டி. என்று பெயர். ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம், ஆக்சிஜன் நான்கும் சேர்ந்தது. அதன் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் ஈயம். இந்த ஈயத்துக்குப் பிறகு வருகிறேன். இன்றைக்கு நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

முதலில் 'ஃபெர்ரோ' என்ற வார்த்தை. ஃபெர்ரம் என்றால் இரும்பு. இந்தப் பீங்கானில் இரும்பு இருந்தாக வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை. பிறகு ஏன் அந்தப் பெயர்? நம்ம கஞ்சமலைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே மேக்னடைட் என்ற இரும்புக் கல் உண்டு, காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். காந்தத்துக்கு ஒரு குணம்: ஒருமுறை ஒரு திசையில் காந்தமாக்கினால் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். எதிர்த் திசையில் பலமாகத் தள்ளினால்தான் மாறும். ரொம்பச் சூடாக்கினால் எல்லாம் மறந்துவிடும். மேக்னடைட்டுக்கு அந்த மறதி சுமார் 580 டிகிரி செல்சியஸில் வருகிறது. இதே மூன்று குணமும் காந்தத்தில் இல்லாமல் மின்சாரத்தில் இருந்தால் அது ஃபெர்ரோஎலக்ட்ரிக். 1920-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜோசப் வலாசெக் என்ற ஆராய்ச்சி மாணவர் முதன்முதலாக இதைக் கண்டார். அவர் கண்டது பீங்கானில் இல்லை, ரோஷெல் உப்பு என்ற ஒரு உப்பில். அந்த உப்பு அதுவரை பேதி மருந்தாகத்தான் பேர் வாங்கியிருந்தது.

பீங்கானுக்கு வந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான் மூன்று நாட்டிலும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் தெரியாமல், பேரியம் டைட்டனேட் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு உங்கள் செல்போனுக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான குட்டிக் குட்டி கெப்பாசிட்டர்கள் அதனால் ஆனவை. அதன் இரண்டு மூலப்பொருளும் நமக்குத் தூரத்துச் சொந்தம் இல்லை. பேரியத்துக்கான பேரைட் கனிமம் ஆந்திராவில் கடப்பா பக்கம் மங்கம்பேட்டையில் மலையாகக் கிடக்கிறது. டைட்டானியத்துக்கான இல்மனைட் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கிறது.

இதை ஒரு கனசதுரப் பெட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு மூலையிலும் பேரியம். ஆறு முகத்திலும் நடுவே ஆக்சிஜன். பெட்டியின் நட்ட நடுவே டைட்டானியம். சுமார் 120 டிகிரிக்கு மேல் டைட்டானியம் நடுவிலேயே நிற்கும். அதற்குக் கீழே குளிர்ந்ததும் அது ஒரு பக்கமாக மிகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு கொஞ்சம்? பெட்டியே ஒரு சென்டிமீட்டரில் இரண்டரைக் கோடியில் ஒரு பங்கு, அதில் ஐம்பதில் ஒரு பங்குகூட நகராது. அந்த நகர்வால் பெட்டியின் ஒரு பக்கம் பாசிட்டிவ், மறுபக்கம் நெகட்டிவ் ஆகிறது. இதற்குப் பேர் மின்முனைவாக்கம். இத்தனை வித்தையும் இந்தத் துளி நகர்வுக்குள்தான்.

ஒரு பெட்டி நகர்ந்தால் பக்கத்துப் பெட்டியும் அதே திசையில் நகரும். இப்படி ஒரே பக்கம் சாய்ந்த பெட்டிகள் கூட்டம் கூட்டமாக இருக்கும். ஆங்கிலத்தில் டொமைன் என்பார்கள். நான் பேட்டை என்று சொல்லிக்கொள்கிறேன், நம்ம செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை மாதிரி. ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு திசை. சூளையிலிருந்து அப்படியே எடுத்த பீங்கானில் பேட்டைகள் எல்லாத் திசையிலும் சாய்ந்திருக்கும், ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு மொத்தத்தில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் துண்டை எண்ணெயில் போட்டுச் சூடாக்கி, மில்லிமீட்டருக்குச் சில ஆயிரம் வோல்ட் கொடுத்து, முடிந்தவரை எல்லாப் பேட்டையையும் ஒரே பக்கம் திருப்புவார்கள். அதன் பிறகுதான் அது லைட்டருக்கு உதவும்.

இனி என் வேலை. இந்தப் பொருளைக் காகிதத்தில் எழுதுவது எப்படி?

1949-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் டெவன்ஷயர் என்ற இயற்பியலாளர் ஒரு வழி காட்டினார். ரஷ்யாவின் லாண்டாவ் முன்பே போட்டுவைத்திருந்த பாதையில் போய்ச் செய்தது. ஃபார்முலா கூடாது என்பதால் இட்லித் தட்டில் சொல்கிறேன். வாணலியில் ஒரு கோலிக்குண்டை விட்டால் எங்கே போய் நிற்கும்? நடுவில். 120 டிகிரிக்கு மேல் டைட்டானியத்தின் நிலைமை அது. குளிரக் குளிர வாணலியின் நடுப்பகுதி மேலே எழும்பி, சுற்றிலும் குழி விழுந்து, இட்லித் தட்டு மாதிரி ஆகிவிடுகிறது. இப்போது கோலிக்குண்டு நடுவில் நிற்க முடியாது, ஏதோ ஒரு குழியில் விழுந்தாக வேண்டும். ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குப் போக மேட்டைத் தாண்ட வேண்டும். அந்த மேடு இருப்பதால்தான் பீங்கானுக்கு நினைவாற்றல் இருக்கிறது.

அழகான கணக்கு. எழுபது வருஷத்துக்கு மேலாகியும் இன்னும் எல்லோரும் பயன்படுத்துகிறோம். ஆனால் ஒரு குறை உண்டு. குழி எவ்வளவு ஆழம், மேடு எவ்வளவு உயரம் என்பதைப் பொருளைச் செய்து அளந்து பார்த்துத்தான் கணக்கில் போட வேண்டும். ஏற்கெனவே இருக்கும் பொருளை இது விளக்கும். இன்னும் யாரும் செய்யாத பொருளைப் பற்றி அதன் வாயிலிருந்து ஒரு வார்த்தையும் வராது.

செய்யாத பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அணுக்களிடமே போய்க் கேட்க வேண்டும். எலக்ட்ரான்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று தெரிந்தால் ஒவ்வொரு அமைப்புக்கும் ஆற்றல் எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம். 1964, 1965 வருஷங்களில் வால்டர் கோன் தன் சகாக்களோடு இதற்கு வழி செய்தார். 1998-இல் வேதியியல் நோபல் அவருக்கு வந்தது. இதில் பரிசோதனையிலிருந்து எந்த எண்ணையும் கடன் வாங்குவதில்லை. எந்தெந்த அணு என்று மட்டும் சொன்னால் போதும்.

1992-இல் அமெரிக்காவில் ரொனால்ட் கோஹன் இந்த முறையில் பேரியம் டைட்டனேட்டையும் ஈய டைட்டனேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்கிட்டார். இரண்டிலும் டைட்டானியம் பக்கத்து ஆக்சிஜனோடு எலக்ட்ரானைப் பங்குபோட்டுக்கொள்கிறது, அதனால்தான் நடுவைவிட்டு நகர்கிறது. ஆனால் மூலையில் இருக்கும் பேரியம் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஈயம் அப்படி நிற்பதில்லை. அதுவும் ஆக்சிஜனோடு கைகோத்துப் பெட்டியையே ஒரு பக்கமாக இழுக்கிறது. பேரியப் பெட்டி ஒரு பக்கம் சுமார் ஒரு சதவீதம் நீள்கிறது என்றால் ஈயப் பெட்டி ஆறு சதவீதம் நீள்கிறது. அது மறதி அடையும் வெப்பநிலையும் 120 இல்லை, சுமார் 490 டிகிரி.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்கச் சொல்வேன். ஈயத்தை எடுத்துவிட்டு வேறு எதையாவது போடக்கூடாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஏன் அது லேசில் நடக்கவில்லை என்பதற்குப் பதில் சூளையில் கிடைக்கவில்லை, கணக்கில்தான் கிடைத்தது. ஈயம் வெறும் நிரப்புப் பொருள் இல்லை, அந்த வேலையில் பாதியை அதுதான் செய்கிறது.

கோஹன் கணக்கிட்டது குளிரின் கடைசி எல்லையில், அணுக்கள் அசையாமல் இருக்கும்போது. நம் லைட்டர் இருப்பது அடுப்புக்குப் பக்கத்தில். சூட்டில் என்ன ஆகும் என்று சொல்ல இன்னொரு படி ஏற வேண்டும். இங்கேதான் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வருகிறார். உமேஷ் வாக்மரே இப்போது பெங்களூர் ஜக்கூரில் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் இருக்கிறார், நம் ஊரிலிருந்து காரில் நாலு மணி நேரம். 1997-இல் அவரும் கரின் ரேபும் ஈய டைட்டனேட்டுக்கு இதைச் செய்தார்கள். எலக்ட்ரான் கணக்கிலிருந்து ஒரு சுருக்கமான விதிப்புத்தகம் தயாரித்து, அதை வைத்துக் கம்ப்யூட்டருக்குள் ஏராளமான பெட்டிகளை அடுக்கி, தாயக்கட்டை உருட்டுகிற மாதிரி ஒவ்வொன்றையும் அசையவிட்டுப் பார்த்தார்கள். நிஜமாகவே அந்த முறைக்குச் சூதாட்ட ஊரான மான்டி கார்லோவின் பெயர்தான். 660 கெல்வினில், அதாவது சுமார் 387 டிகிரி செல்சியஸில் பொருள் மாறுகிறது என்று விடை வந்தது. சூளைக்காரர்கள் அளந்தது 763 கெல்வின்.

நூறு டிகிரி தப்பு என்று நீங்கள் சிரிக்கலாம். பரிசோதனை செய்பவர்கள் சிலர் சிரிப்பார்கள், எனக்குத் தெரியும். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு மாப்பிள்ளையை நேரில் பார்க்காமல், போட்டோவும் பார்க்காமல், ஜாதகத்தை மட்டும் வைத்து உயரம் ஐந்தரை அடி என்று சொல்லி, ஆள் ஆறடியாக வந்து நின்றால் அந்த ஜோசியரை என்ன சொல்வீர்கள்? நான் அவர் காலில் விழுவேன். அதோடு, எந்த அணு எதை இழுக்கிறது, எந்த இழுப்பை நிறுத்தினால் மாற்றமே நின்றுபோகும் என்பதையும் இந்தக் கணக்கில் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். சூளையில் அதைச் செய்யவே முடியாது.

ஆனாலும் இதோடு பீங்கான் முடிந்துவிடவில்லை. பீங்கான் என்பது சின்னச் சின்னக் குருணைகள் ஒட்டிக்கொண்ட ஒரு கட்டி. ஒரு மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஒரு குருணையில் ஏறக்குறைய 8,000 கோடி அணுக்கள் இருக்கும். எலக்ட்ரான் கணக்கு சில நூறு அணுவுக்கே மூச்சு வாங்கும். அதனால் அடுத்த மாடியில் வேறு ஆட்கள், வேறு கணக்கு. அவர்கள் அணுவைப் பார்ப்பதில்லை, குருணையைப் பார்க்கிறார்கள்.

இதை விளக்க நம் பொதுக்குழுவைவிட நல்ல உதாரணம் கிடையாது. மெயின்டனன்ஸ் ஏற்றுவதா வேண்டாமா என்று கை தூக்கச் சொன்னால் என்ன ஆகிறது? ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எல்லை உண்டு, அதைத் தாண்டிச் செயலாளர் வற்புறுத்தினால்தான் கை மேலே போகும். ஆனால் பக்கத்து நாற்காலிக்காரர் தூக்கிவிட்டால் நம் எல்லை கொஞ்சம் இறங்கிவிடுகிறது. செயலாளர் அவசரப்படுத்துகிறாரா, டீ கொடுத்து நிதானமாகக் கேட்கிறாரா என்பதைப் பொறுத்தும் முடிவு மாறும். குருணைகளும் அப்படித்தான். மின்புலமும் அழுத்தமும் சேர்ந்து தரும் ஆற்றல் ஒரு எல்லையைத் தாண்டினால் பேட்டை திரும்பும் என்று 1995-இல் அமெரிக்காவில் ஹுவாங், லிஞ்ச், மெக்மீக்கிங் மூவரும் விதி எழுதினார்கள். பக்கத்துக் குருணை கொடுக்கும் தூண்டுதலையும், புலத்தை எவ்வளவு வேகமாகத் திருப்புகிறோம் என்பதையும் கணக்கில் சேர்த்தவர்களில் ஒருவர் ஏ. ஆரோக்கியராஜன். 2000-களின் நடுவில் ஜெர்மனியில் சக ஆய்வாளர்களோடு இந்த மாதிரியை வெளியிட்டார், பிறகு சென்னை ஐஐடி-யின் அப்ளைட் மெக்கானிக்ஸ் துறையில் இந்த ஆய்வைத் தொடர்ந்தார். லைட்டருக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை என்பது உண்மை. நொடிக்குப் பல தடவை நீண்டு சுருங்க வேண்டிய பீங்கானுக்குத் தேவை. பேட்டைகள் திரும்பித் திரும்பி எங்கே விரிசல் விடும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும் அல்லவா?

சரி, ஈயம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கிறது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலையிலிருந்து மின்னணுப் பொருட்களில் ஈயத்துக்குக் கடிவாளம் போட்டது. ஆனால் இந்தப் பீங்கானுக்கு விலக்கு கொடுத்தது. காரணம், மாற்றுப் பொருள் இல்லை. 2004-இல் ஜப்பானில் டொயோட்டா ஆய்வுக்கூடமும் டென்சோவும் சேர்ந்து பொட்டாசியம், சோடியம், நியோபியம் அடிப்படையில் ஈயமில்லாத ஒரு நல்ல பீங்கானைக் காட்டினார்கள். பெரிய பரபரப்பு. அதன் பிறகும் எல்லா வேலைக்கும் பொருந்துகிற ஒரே மாற்று இதுவரை இல்லை.

ஐந்தாறு தனிமங்களை வெவ்வேறு விகிதத்தில் கலந்தால் எத்தனை கலவை வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பொடி அரைத்து, முதல் தடவை சுட்டு, மறுபடி அரைத்து, வில்லையாக அழுத்தி, ஆயிரம் டிகிரிக்கு மேல் மறுபடி சுட்டு, அளக்க வேண்டும். ஒரு வில்லைக்கே பல நாள் ஆகும். நம்ம ஊர் வெள்ளைக்கல் சூளைகளில் வேலை பார்த்தவர்கள் இங்கே இருந்தால் சூளை எவ்வளவு பிடிவாதக்காரி என்று சொல்வார்கள். வாழ்நாள் முழுக்கச் சுட்டாலும் தீராது. எதைச் சுட வேண்டாம் என்று சொல்வதுதான் பாட்டி, என் வேலை.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பேரியம் டைட்டனேட் பெட்டியில் மொத்தம் ஐந்தே அணுக்கணக்கு. அதைச் செய்கிற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, குவாண்டம் எஸ்பிரஸ்ஸோ, அபினிட் என்று பெயர். சேலம், நாமக்கல் பக்கக் கல்லூரி மாணவர் ஒருவர் நல்ல லேப்டாப்பில் இந்த ஐந்து அணுக் கணக்கை ஓட்டி, டைட்டானியம் நகர்வதைத் தானே பார்க்கலாம். கோடி ரூபாய் ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. நம் பக்கத்தில் இயற்பியலை மார்க் வாங்கும் ஏணியாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம், மேலே ஏறியதும் ஏணியை எட்டி உதைத்துவிடுகிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. விருப்பம் இருக்கிற பிள்ளைகளை சனிக்கிழமை மாலை என் வீட்டுக்கு அனுப்புங்கள், நான் உட்கார்ந்து ஓட்டிக் காட்டுகிறேன். டியூஷன் இல்லை, ஃபீஸும் இல்லை.

லைட்டரைத் தொட்டால் ஈயம் ஏறிவிடுமா என்று ஏ பிளாக் அக்கா ஒருவர் வரும்போதே கேட்டார். ஏறாது. ஈயம் பீங்கானுக்குள் கட்டுண்டு கிடக்கிறது, மேலே உறையும் உண்டு. வீட்டில் ஈயம் என்றால் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இன்வெர்ட்டர் பேட்டரியை. ஆனால் பழுதான லைட்டரை உடைப்பதும், குப்பையோடு சேர்த்து எரிப்பதும் வேறு கதை. நம் பின்பக்கக் காலி மனையில் வாரம் ஒருமுறை புகை வருகிறதே, அதில் ஒயரும் பழைய ரிமோட்டும் கிடந்ததை நானே பார்த்தேன். 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து புதிய மின்கழிவு விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. மின்கழிவை எரிப்பதற்கும் பழைய இரும்புக்காரரிடம் எடை போடுவதற்கும் பதிலாகப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டும். செயலாளர் ஐயா அப்படி ஒருவரை வரவழைக்கச் சம்மதித்திருக்கிறார். மாதக் கடைசிவரை பி பிளாக் செக்யூரிட்டி அறை பக்கத்தில் ஒரு நீலப் பெட்டி இருக்கும். பழைய லைட்டர், சார்ஜர், ரிமோட், செத்துப்போன செல்போன் எல்லாவற்றையும் அதில் போடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி மட்டும் வேண்டாம், அதைப் புதிது வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மேஜை மேல் ஒரு லைட்டரைப் பிரித்து வைத்திருக்கிறேன், பீங்கான் துண்டை எல்லோரும் பார்க்கலாம். பக்கத்திலேயே நல்ல லைட்டர் ஒன்றும் இருக்கிறது. அதை அழுத்திப் பார்க்கிற பிள்ளைகள் முனையில் விரல் வைக்க வேண்டாம், பல ஆயிரம் வோல்ட் என்று சொன்னேன் அல்லவா, சுருக்கென்று அடிக்கும்.